சூடாறும் உரிமை

தங்கச்சி மகன் ஹட்டனில் ஒரு பெட்டரி ட்ரில் வாங்கி வந்தான். பெட்டிக்குள் மெஷின், இரண்டு பெட்டரி, ஒரு சார்ஜர், கூடவே ஒரு தடித்த கையேடு. உலகத்து மொழிகளில் பாதி அதில் இருந்தன. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அந்தச் செய்தி ட்ரில் செய்கிறவர்கள் வரைக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை.

"மாமா, நீங்கதானே வாத்தியாரு. என்னா போட்டிருக்குன்னு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க" என்றான்.

ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இப்படி ஒரு மாணவன் கிடைத்தால் விடுவாரா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பெட்டரி சூடாக இருந்தால் சார்ஜில் போடக் கூடாது, ஆறவிட வேண்டும். மழையில் நனைய விடக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. அடியோடு வெறுமையாகும் வரை வேலை வாங்கக் கூடாது. நீண்ட நாள் வேலை இல்லையென்றால் பாதியளவு நிரப்பி, காய்ந்த குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கீழே விழுந்து அடிபட்டதை மறுபடி வேலைக்கு அனுப்பக் கூடாது. பத்து பாகைக்குக் கீழே குளிர்ந்தாலும் நாற்பது பாகைக்கு மேலே சுட்டாலும் சார்ஜ் பண்ணக் கூடாது.

வாசிக்க வாசிக்க எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது கருவியோடு வந்த கையேடா, கூட்டு ஒப்பந்தமா? எங்கள் ஆட்கள் சந்தா கட்டி, கூட்டம் போட்டு, ஹட்டன் ரோட்டில் உட்கார்ந்து கேட்டும் கிடைக்காத சலுகைகளை ஒரு பெட்டரி சங்கமே இல்லாமல் வாங்கி வைத்திருக்கிறது.

அப்பா கவ்வாத்து ஆள். தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். அதனால் மலைநாட்டில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழங்காலுக்குச் சற்று மேலே நிறுத்தி, மற்றதையெல்லாம் வெட்டித் தள்ளுவார்கள். நாலு வருடம் பச்சையாக இருந்த மலை ஒரே கிழமையில் கம்பு கம்பாக நிற்கும். அதுதான் கவ்வாத்து. ஆண்கள் வேலை. வெட்டு சாய்வாக, வழவழப்பாக விழ வேண்டும். கம்பு பிளந்தால் தண்ணீர் இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும், செடி உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். ஒரு வெட்டு பிசகினாலும் பின்னால் வரும் கங்காணியின் கண்ணுக்கு அது தப்பாது. இவ்வளவு செடி என்று கணக்கு. முடித்தால் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். முடிக்காவிட்டால் அரைப் பேர்.

வேலை முடிந்து இறங்கி வந்ததும் அப்பா சாப்பிட உட்கார மாட்டார். முதலில் பீலிக்கரை, கத்தியைக் கழுவ. தேயிலைச் சாறு இரும்பில் பட்டுக் காய்ந்தால் மை பூசியது போல் கறுத்துவிடும். தேத்தண்ணியில் இருக்கிற அதே துவர்ப்புத்தான் இரும்போடு சேர்ந்து அப்படியாகிறது. சாம்பல் போட்டுத் தேய்ப்பார். பிறகு பீலிக்குப் பக்கத்தில், நடு குழிந்து தேய்ந்துபோன கல்லில் தண்ணீரைத் தெளித்து ஒரே சாய்வில் இழுப்பார். கல்லில் கத்தி போகிற சத்தம் மாறுவதை வைத்தே கூர் வந்துவிட்டதென்று சொல்லிவிடுவார். முன்னங்கையில் இரண்டு மயிரைச் சிரைத்துப் பார்ப்பது எங்களுக்கு வேடிக்கை காட்டுவதற்கு. கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். சாக்குத் துண்டில் சுற்றி இஸ்தோப்புக் கூரைக்குள் செருகினால் அன்றைய பராமரிப்பு முடிந்தது.

அந்தக் கத்திக்கு வரக்கூடிய வியாதி மூன்றே மூன்று. மழுங்கினால் கல். பிடி ஆடினால் கொய்யா மரத்தில் ஒரு ஆப்பு அடித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுவது. வாய் உடைந்தால் தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்துப் பட்டறை. மூன்றும் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். லயத்தில் எல்லாப் பையன்களுக்கும் தெரியும். கையேடு தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் வாசிக்க ஆள் இருந்திருக்காது.

கத்தி மழையிலும் வெட்டியது, பனியிலும் வெட்டியது. அப்பாவும் அப்படித்தான். 1974 பஞ்சத்தில் தோட்டங்களில் மாவும் இல்லை, அரிசியும் இல்லை. ஆட்கள் வீங்கிச் செத்தார்கள். அப்பா மரவள்ளிக் கிழங்கோடும், அதுவும் இல்லாத நாளில் சாயத்தண்ணியோடும் கவ்வாத்து மலைக்கு ஏறினார். இப்போது மருமகனின் பெட்டரியைப் பார்க்கிறேன். உள்ளே இருக்கும் சக்தி ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் அது வேலையைத் தானாகவே நிறுத்திவிடுகிறது. அதற்கும் கீழே போனால் நிரந்தரமாகப் பழுதாகும் என்று அதற்குள் இருக்கும் நகம் அளவு மின்சுற்றுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவு 1974இல் தோட்ட ஒப்பிசில் ஒருவருக்காவது இருந்திருக்கலாம்.

மருமகன் செய்வது கூரை வேலையும் கதவு நிலை வேலையும். இந்திய வீட்டுத் திட்டம் வந்தபிறகு அந்த வேலைக்குக் குறைவில்லை. முதலில் 4,000 வீடு என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்துக்கு இந்தியப் பிரதமர் மோடி வந்து இன்னும் 10,000 என்றார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. அந்த வீடுகளுக்குத் தகரம் போடவும் ஜன்னல் பூட்டவும் மருமகன் ட்ரில்லோடு போகிறான். சாயந்தரமானால் பாட்டன் காலத்து லயத்துக்கே திரும்புகிறான். அவனுடைய ஏழு பேர்ச் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

ஆணியும் சுத்தியலும் இருந்த காலத்தில் கூரைக்கு ஏறுகிறவருக்குத் தேவை தைரியம் ஒன்றுதான். காற்றுக்குப் பறக்காமல் இருக்கத் தகரத்தின் மேல் கல்லையும் வைத்துவிடுவோம். இப்போது ரப்பர் வாசர் போட்ட திருகாணி. ஒவ்வொரு அடிக்கும் சுத்தியலைத் தூக்க வேண்டியதில்லை. விசையை அழுத்தினால் 'கிர்' என்று இறங்கி, வேண்டிய இறுக்கத்தில் 'டக் டக்' என்று கழன்று நிற்கிறது. தலைக்குக் கீழே இருக்கும் எண்ணிட்ட வளையம் அதற்குத்தான். சிறிய எண்ணில் ஆரம்பித்து ஏற்ற வேண்டும். முதலிலேயே கூட்டி வைத்தால் வாசர் நசுங்கும், தகரம் குழியும், அடுத்த மழைக்கு அந்தக் குழியில்தான் ஒழுகும்.

ஒரு நாள் ஒரு வீட்டுக் கூரையில் ட்ரில் நின்றுவிட்டது. விசையை அழுத்தினால் அசைவில்லை, சத்தமில்லை. மருமகன் ஏணியில் நிற்கிறான், கீழே வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அந்த வழியாகப் போன இரண்டு பேர். நம் ஊரில் ஒரு மெஷின் நின்றால் முதலில் வருவது யோசனை. பெட்டரி போச்சு என்றார் ஒருவர். மோட்டர் எரிஞ்சிருக்கும் என்றார் இன்னொருவர், மணக்குது பார் என்று மூக்கைச் சுருக்கிக் காட்டினார். மணந்தது அடுத்த வீட்டுக் கருவாடு. ஒரு பெரியவர் வாங்கி உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டினார். வானொலிப் பெட்டி காலத்திலிருந்து அவர் கண்ட வைத்தியம் அது. பெட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். மற்ற பெட்டரியை மாட்டினார்கள். அப்போதும் இல்லை.

விசைக்கு மேலே, பெருவிரல் படுகிற இடத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் முன்னோக்கிச் சுற்றும், மறுபக்கம் தள்ளினால் பின்னோக்கி. நடுவில் நிறுத்தினால் விசையே பூட்டிக்கொள்ளும். ஏணியில் ஏறும்போது மருமகனே பத்திரத்துக்காக நடுவில் நிறுத்தியிருக்கிறான். நல்ல பழக்கம்தான். அந்தப் பழக்கத்தை அன்றைக்குப் பத்துப் பேர் சேர்ந்து பழுது என்று முடிவு கட்டினார்கள். வீட்டுக்காரரின் சின்ன மகள் கீழேயிருந்து, "அண்ணா, அந்தப் பட்டனத் தள்ளிப் பாருங்களே" என்றாள். தள்ளினான். சுற்றியது.

இந்தக் கருவிகளில் பழுது தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. கைக்குச் செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும். குமிழ் நடுவில் நிற்கிறதா, பெட்டரி 'டக்' என்று உட்கார்ந்ததா, அதில் சார்ஜ் இருக்கிறதா, சுடுகிறதா. அதெல்லாம் சரியென்றால் பெட்டரியும் மெஷினும் தொட்டுக்கொள்ளும் செப்புத் தகடுகள். எங்கள் கொட்டகலையில் இந்தத் தகடுகளுக்கு முதல் எதிரி பனி. வெளியே குளிரில் கிடந்த மெஷினைப் பொழுதுபட்டு அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுவந்தால், கண்ணாடி மூடுவதுபோல் உள்ளேயும் ஈரம் படியும். நாளாவட்டத்தில் பச்சை படரும். பெட்டரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். மணல் தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும், பச்சை இரட்டிப்பு வேகத்தில் வரும். எதைச் செய்வதானாலும் முதல் வேலை பெட்டரியைக் கழற்றுவது. துளைக்கம்பி மாற்றும்போதும் அதேதான். விரல் விசையில் பட்டால் யாருடைய விரல் என்று அது விசாரிக்காது.

இந்தப் பெட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மருமகனுக்கு ஒரே ஆசை. திறக்கவிடவில்லை, சொல்லிக் கொடுத்தேன். பதினெட்டு மில்லிமீற்றர் குறுக்களவு, அறுபத்தைந்து மில்லிமீற்றர் நீளம், டோர்ச் பெட்டரியின் தம்பி மாதிரி உருளைகள். ஒன்று 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராகக் கோர்த்தால் 18. முழுக்க நிரம்பியிருக்கும்போது ஒவ்வொன்றும் 4.2 வரை ஏறும். அதனால் அதே ஐந்து உருளையை ஒரு கடையில் 18 வோல்ட் என்றும், இன்னொரு கடையில் 20 வோல்ட் என்றும் விற்கிறார்கள். கூடுதலாக இரண்டு வோல்ட் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டு அதிக விலை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கம்பியில்லாத ட்ரில் விண்வெளிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று படித்த பிள்ளைகளே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இல்லை. பிளாக் அண்ட் டெக்கர் கம்பனி அதை 1961இலேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. அப்போது நிக்கல் காட்மியம் பெட்டரி. சந்திரனுக்கு பெட்டரி ட்ரில் போனது பத்து வருடம் கழித்து, 1971இல் அப்பல்லோ 15இல். அங்கேயும் துளைக்கம்பி மண்ணுக்குள் இறுகி, வெளியே இழுக்க இரண்டு விண்வெளி வீரர்களும் படாத பாடு பட்டார்கள். கூரையில் ஒரு திருகாணி சிக்கினால் மருமகன் அதைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறான்.

தங்கச்சிக்கு அந்தப் பெட்டரிகள் மேல் தனிப் பாசம். மகனுக்குச் சோறு போடுகிற சாமான் அல்லவா. மார்கழிக் குளிரில் ஒரு காலை சார்ஜர் வேலை செய்யவில்லை என்று மகன் புலம்பியதைக் கேட்டு, பாவம் விறைத்துப் போயிருக்கும் என்று இரண்டையும் எடுத்து அடுப்புக்கு மேலே விறகு காயப் போடும் பரணில் வைத்துவிட்டாள். நான் போனபோது பக்கத்தில் சவுக்கு விறகு, நடுவில் இரண்டு பெட்டரி, கீழே புகையோடு ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது. எடுத்து வெளியே வைத்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. குளிரில் சார்ஜ் ஏறாது என்பது சரிதான். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் லிதியம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் உலோகமாகப் படிந்து ஊசி ஊசியாக வளரும். அந்த ஊசி உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பைக் குத்தினால் பெட்டரியின் கதை முடிந்தது. ஆனால் அதற்கு மருந்து அடுப்பல்ல. அறைக்குள் சும்மா அரைமணி நேரம் கிடந்தால் போதும்.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். லயம் என்றால் என்ன? ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் ஒரு சுவர், எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் தீ என்றால் வரிசையே போகும். அடுத்த நாள் பேப்பரில் லயம் எரிந்து இத்தனை குடும்பம் நடுத்தெருவில் என்று வரும். மின்னொழுக்கு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நம் வீடுகளில் வயரிங் எப்படி என்று நமக்குத் தெரியும். ஒரு பிளக்கில் மூன்று, அதிலிருந்து ஒரு வயர் பக்கத்துக் காம்பராவுக்கு. அதில் கொண்டுபோய்ச் சார்ஜரைச் செருகி, பெட்டரியைக் கட்டிலில் மெத்தை மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். லிதியம் பெட்டரி பற்றினால் அது எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அதற்குள்ளிருந்தே வெளிவரும். சாக்கைப் போட்டு மூடினால் அணையாது. ஒரு உருளை பற்றினால் அந்தச் சூட்டில் பக்கத்து உருளை. புகை விஷம். வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு முதலில் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டும், பிறகு நிறையத் தண்ணீர். இது நடக்காமலிருக்கச் செய்ய வேண்டியது சின்னக் காரியம். சிமெந்துத் தரையில் வைத்து, விழித்திருக்கும்போது சார்ஜ் பண்ணி, நிரம்பியதும் கழற்றிவிடுவது. வீங்கியதையும், விழுந்து நசுங்கியதையும், தண்ணீரில் ஊறியதையும் திரும்பத் தொடாமலிருப்பது. தனிப் பெட்டரியை ஆணியோடும் திருகாணியோடும் ஒரே பையில் போடாமலிருப்பது. அப்பா கத்தியைச் சாக்கில் சுற்றியது எங்களுக்காக. பெட்டரிக்கு மூடி போட வேண்டியதும் எங்களுக்காகத்தான்.

பெட்டரியை விட்டு மோட்டருக்கு வந்தால், கார்பன் பிரஷ் கதை ஒன்று உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருமகனுடைய முதல் ட்ரில் பழைய மாதிரி, மோட்டருக்குள் இரண்டு கரித்துண்டு உரசிக்கொண்டே இருக்கும். அவை தேயத்தான் செய்யும். முதலில் நின்று நின்று ஓடியது, பிறகு காற்றோட்டத் துவாரத்துக்குள் நீலப் பொறி நிறையத் தெரிந்தது, பிறகு ஒரு காந்தல் மணம். கழற்றிப் பார்த்தால் கரித்துண்டில் தேய்மான எல்லைக்குப் போட்டிருக்கும் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, சோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாட்டியதும் பாரம் கொடுக்காமல் சில நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். பிறகு ஹட்டனில் புதுசாக வாங்கியது பிரஷ் இல்லாத மோட்டர். அதில் இந்த வைத்தியம் இல்லை. கெட்டால் நம் கையாலும் ஒன்றும் இல்லை.

2022ஐ மலைநாட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். பெட்ரோலுக்கு வரிசை, பிறகு கியூஆர் கோட்டா. கேனில் பெட்ரோல் கொடுக்கக் கூடாதென்றதால் தோட்டத்துப் புல்வெட்டும் மெஷின்கள் மூலைக்குப் போயின. சுரண்டியும் மண்வெட்டியும் திரும்பப் பெரட்டுக்கு வந்தன, பென்சனில் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டதுபோல. சீமெந்து விலை ஏறி வீட்டுக் கட்டட வேலை நின்றது. மருமகன் ட்ரில்லைப் பெட்டியில் போட்டு அட்டலில் ஏற்றிவிட்டு, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். பெட்டரி இரண்டும் வெறுமையாகவே பெட்டிக்குள் கிடந்தன. ஒன்றை மெஷினோடே மாட்டி வைத்திருந்தான்.

அவன் திரும்பி வந்து சார்ஜில் போட்டபோது இரண்டுக்கும் சிவப்பு லைட் விட்டு விட்டு வெட்டியது. சார்ஜர் ஏற்க மறுக்கிறது. தெருவில் இதற்கொரு வைத்தியர் இருக்கிறார். நல்ல பெட்டரியிலிருந்து வயர் இழுத்துச் செத்த பெட்டரிக்கு ஒரு உதை கொடுத்து எழுப்பிவிடுவார், கூலியும் குறைவு. எழும்பத்தான் செய்யும், பிரச்சினையே அதுதான். நீண்ட நாள் அடிமட்டத்தில் கிடந்த பெட்டரிக்குள் செம்பு கரைந்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏறும்போது அது கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே குறுக்கு வழி போட்டுவிடும். சார்ஜர் மறுப்பது அதைத் தெரிந்துதான். என் பேச்சைக் கேட்டு மருமகன் இரண்டையும் கைவிட்டான். கைவிட்டதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டான். அதற்கு மட்டும் கையேட்டில் ஒரு குப்பைத்தொட்டிப் படமும் அதன் மேல் பெருக்கல் குறியும்தான் இருந்தன. செப்புத் தகட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே ஒரு தகர டின்னில் மணல் போட்டு வைத்திருக்கிறோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.

புதுப் பெட்டரி தேடிப் போனபோது ரூபாய் விழுந்து சாமான் விலையெல்லாம் மலையேறியிருந்தது. ஒரு பெட்டரியின் விலையைக் கேட்டுத் தங்கச்சி நெஞ்சில் கை வைத்தாள். 2021இல் போராடிப் போராடி வாங்கிய நாள் சம்பளம் 1,000 ரூபாய். அதை எத்தனை பேரால் பெருக்குவது என்று விரல் மடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அதே நிறம், அதே எழுத்து, கால் விலை என்று ஒரு கடையில் இன்னொன்று காட்டினார்கள். மேலே பெரிய எண் போட்டிருந்தது. அந்தக் கொள்ளளவுக்கு உள்ளே பத்து உருளையாவது இருக்க வேண்டும். ஒரு உருளை ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, உருளைகள் மட்டுமே அரைக் கிலோவுக்குக் கிட்ட வர வேண்டும். கடைக்காரரின் தராசிலேயே வைத்துப் பார்த்தோம். எண் கனமாக இருந்தது, பெட்டரி இல்லை. கடைக்காரர் தராசைக் குறை சொன்னார்.

புதுப் பெட்டரிக்கு உத்தரவாத அட்டை கொடுத்தார்கள். வாங்கிய திகதி, வரிசை எண், வாங்கியவர் பெயர், முத்திரை. நாங்கள் கடைக்குள் நுழைந்த சில நிமிடத்தில் அந்தப் பெட்டரி ஒரு ஆளைப்போல் பதிவாகிவிட்டது. அப்பாவிடம் அப்படியொரு அட்டை இருந்ததில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தில் எடுத்ததை, எங்கள் ஆட்களில் மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மருமகன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறான்.

இப்போது தேயிலைக்கும் பெட்டரி வந்துவிட்டது. தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொழுந்து வெட்டுகிற கத்தரி அங்கேயிருந்து வந்து ரொம்ப நாளாகிறது. பிறகு இரண்டு பேர் தூக்கும் பெட்ரோல் மெஷின் வந்தது. இப்போது ஒரே ஆள் கையில் பிடிக்கும் மெஷின், முன்னால் பல் வைத்த பிளேட், பின்னால் கொழுந்தை ஊதித் தள்ளும் பை, முதுகில் பெட்டரி. நெற்றியில் கயிறு போட்டுக் கூடை சுமந்த அதே முதுகு. பெட்ரோல் மெஷினைவிடச் சத்தம் குறைவு, புகை இல்லை, குளவிக் கூட்டைக் கிளப்பிவிடும் பயமும் கொஞ்சம் குறைவு என்கிறார்கள் பெண்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கைக்குத் தெரிந்ததை பிளேட்டுக்குச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை என்றும் சொல்கிறார்கள். முற்றின இலையும் தண்டும் சேர்ந்து வரும், ஸ்டோரில் தரம் பார்க்கும்போது அந்தப் பேச்சை இவர்கள்தான் வாங்க வேண்டும். பிளேட்டில் படியும் கறுப்பு அப்பாவின் கத்தியில் படிந்த அதே கறுப்பு. பெட்டரியைக் கழற்றிவிட்டு ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடிக்கக் கூடாது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருக வேண்டும், பிளேட்டில் கிளை சிக்கினால் கையை விடுவதற்கு முன்னால் இணைப்பைக் கழற்ற வேண்டும். பயிற்சி கொடுக்க வந்தவர் இதையெல்லாம் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார், சிவப்பு லைட் எரிந்தால் பெட்டரி சூடாகிவிட்டது, நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று.

அந்த ஒன்றைப் பெண்கள் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் கங்காணி மலைக்கு ஏறியபோது, நிழல் மரத்துக்குக் கீழே பெட்டரிகள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பெண்களும் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தார்கள். சாயத்தண்ணிப் போத்தல் கைமாறிக்கொண்டிருந்தது.

"என்னா எல்லாரும் உக்காந்திருக்கீங்க?"

"செவப்பு எரியுதுங்க கங்காணி. சூட்டோட ஓட்டினா மெஷின் போயிரும்னு அய்யா சொன்னாரு. ஓட்டச் சொன்னீங்கன்னா ஓட்டுறோம். போனா நீங்கதான் சொல்லணும்."

கங்காணி கணக்கப்பிள்ளைக்கு போன் போட்டார். கணக்கப்பிள்ளை சின்னத்துரைக்குப் போட்டார். சின்னத்துரை கையேட்டைப் பார்த்தார் போலிருக்கிறது, ஆறவிடச் சொல்லிப் பதில் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே அரைமணி நேரம் உட்கார்வதற்குத் துரையே உத்தரவு கொடுத்ததை அந்த மலை அதற்கு முன்னால் பார்த்திருக்காது. அன்றிலிருந்து வெயிலான நாளிலெல்லாம் சிவப்பு லைட் எரிந்தது. வெயில் இல்லாத சில நாளிலும் எரிந்ததாகக் கேள்வி. ஒரு பெண் பெட்டரியைத் தொட்டுப் பார்த்து "இன்னும் ஆறலடி" என்று சொல்லும் அழகைத் தங்கச்சி நடித்துக் காட்டினாள், சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நோவெடுத்தது.

மாதம் ஒன்று போயிருக்கும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் கணக்கப்பிள்ளை ஒரு பெட்டியைத் திறந்து, ஆளுக்கு இரண்டாவது பெட்டரி கொடுத்தார். ஒன்று ஆறும்போது மற்றதை மாட்டிக்கொள்ளலாமாம்.